வடகிழக்குக் கால்

வடக்குப்பட்டு
9.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வசந்தகுமார் எழுதுகிறேன். என் உடம்பும் நன்றாக இருக்கிறது, வயிறும் நன்றாக இருக்கிறது. ஆகையால் பதில் கடிதத்தில் அந்த இரண்டையும் பற்றிக் கேட்காதே. உன் காது எப்படி இருக்கிறது? அக்கா வாங்கிக் கொடுத்த மெஷினை வைத்துக்கொள்கிறாயா, இல்லை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டாயா? அக்காவையும் மாமாவையும் பாப்பாவையும் நான் கேட்டதாகச் சொல்.

போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்கவில்லை. வீடியோவில் வந்தால் "வாயி மட்டும் அசையுது, மீனு மாதிரி கீற" என்கிறாய். கல் உடைக்கிற கிரஷரில் அத்தனை வருஷம் வேலை செய்யாதே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார், கேட்டாயா? அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை காலம் ஒரகடத்தில் எந்தக் கம்பெனிக்கு மெஷின் வந்தாலும் யாரோ ஒரு கான்ட்ராக்டருக்குக் கீழே நின்று கிரேனுக்குச் சங்கிலி மாட்டினவன் நான். இப்போது முதல் முறையாக என் பெயரிலேயே ஒரு வேலை வந்திருக்கிறது. என்ன வேலை தெரியுமா? நம் வீட்டுப் பின்பக்கம் நின்றால் தெரியுமே, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய டிஷ், நம் ஊரே 'தட்டு' என்று சொல்லுமே, அதைப் பிரித்து இறக்குகிற வேலை!

நம் நிலத்தை வாங்கித் தட்டை நிறுத்திய டிவி கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது அல்லவா? இப்போது இடத்தைக் கிடங்கு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். தட்டை வாலாஜாபாத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் கல்லூரி கேட்டிருக்கிறது. வானத்திலிருந்து வருகிற ரேடியோ இரைச்சலைப் பிடித்துப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்களாம். பழைய இரும்புக்குப் போகாமல் இன்னோர் இடத்தில் நிற்கப் போகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு இடம்கூட நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அது நிற்பதற்கு நீயும் மண் சுமந்தவள்தானே. இப்போது உன் பிள்ளை இறக்குகிறான். அப்பா இருந்திருந்தால் தினமும் அங்கே வந்து நின்று, நான் கட்டுகிற ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு குறை சொல்லியிருப்பார்.

பதில் போடு.

உன் பிள்ளை,
வசந்த்


ஆரணி
20.6.2024

என் கண்ணு வசந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ கேட்காதே என்றாலும் நான் கேட்பேன், வயிறு எப்படி இருக்கிறது? ஓட்டல் சாம்பாரைக் குறைத்துக்கொள். கலைமதி கொடுத்த மெஷினைக் காதில் வைத்தால் உள்ளே கிரைண்டர் ஓடுகிறது. டப்பாவில்தான் போட்டிருக்கிறேன், அரிசி டப்பா இல்லை, சீரக டப்பா.

உன் பெயரில் வேலை என்று படித்ததும் உன் அப்பா படத்துக்கு முன்னால் கடிதத்தை வைத்துக் கற்பூரம் காட்டினேன். பாப்பாவுக்குச் சர்க்கரை கொடுத்தேன். நீ நன்றாக வருவாய்.

ஒன்று கேட்கிறேன். தட்டை மட்டும்தானே இறக்குகிறாய்? கீழே நான்கு கால்களுக்கும் சிமெண்டுக் கட்டை போட்டிருக்கிறதே, அதையும் பெயர்க்கிறார்களா? அதை விட்டுவிடச் சொல். நான்கையும் விட முடியாது என்றால் ஏரிப் பக்கமாக நிற்கிற வடகிழக்குக் காலின் கட்டையை மட்டுமாவது விட்டுவிடு. பூமிக்குள் இருப்பதுதானே, யாருக்கு என்ன இடைஞ்சல்?

ஏன் என்று கேட்காதே. அம்மா கேட்டாள் என்று செய். வெயிலில் நிற்கும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்.

இப்படிக்கு,
அம்மா


வடக்குப்பட்டு
4.7.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வசந்த். நலம். வெயில் கொளுத்துகிறது, துண்டு கட்டியிருக்கிறேன், போதுமா? நீ சீரக டப்பாவைத் திறந்து மெஷினை எடு.

கட்டை விஷயம் உனக்குப் புரியவில்லை. நான் போட்ட அக்ரிமென்டே அதுதான். தட்டை இறக்க வேண்டும், நான்கு கட்டைகளையும் உடைத்து எடுக்க வேண்டும், பள்ளத்தை மண் போட்டு மட்டம் செய்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் கிடங்குக்காரர்களின் இன்ஜினியர் கோதண்டராமன் சார் 'வேலை முடிந்தது' என்று கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்துப் போட்டால் அவர்கள் கட்டப்போகிற அடுத்த கிடங்குகளிலும் எனக்கு வேலை. போடாவிட்டால் நான் மறுபடியும் சங்கிலி மாட்டப் போக வேண்டியதுதான். சிமெண்டுக் கட்டைமேல் உனக்கு என்ன பாசமோ தெரியவில்லை.

சிரிக்கிறதுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் இசக்கிதுரை என்று ஒரு பையன் இருக்கிறான். தூத்துக்குடிப் பக்கம். குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். குரங்கு மாதிரி ஏறுவான், பயமே கிடையாது. வேலை தொடங்குகிற அன்றைக்கு அவனிடம் "பூஜை சாமான் வாங்கியாந்து நீயே போட்டுடுடா" என்று சொல்லிவிட்டு நான் கிரேனைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்தால் பாலும் நவதானியமுமாக இருக்கிறது.

"அண்ணே, பூசை முடிஞ்சிட்டு. ஈசானி மூலையில பாலு ஊத்தியாச்சி" என்றான்.

"டேய், அது கால் நட்டு நிறுத்தறதுக்குப் போடற பூஜைடா! நாம பிரிக்க வந்துகீறோம்."

"எனக்கு நிறுத்தித்தாம்ணே பழக்கம். பிரிக்க வேலைக்கு இப்பத்தான் மொத தடவையா வாரேன்" என்று தலையைச் சொறிகிறான். கிரேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இறக்கப் போகிற தட்டுக்குக் கால்கோள் செய்த ஒரே ஆள் இந்தியாவிலேயே நம் இசக்கிதுரைதான்.

மற்றபடி விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

வசந்த்


ஆரணி
11.8.2024

அன்பு மகன் வசந்தாவுக்கு,

அம்மா. எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பிள்ளை பால் ஊற்றினது எந்தக் காலில்? ஈசானி மூலை என்றால் ஏரிப் பக்கத்துக் கால்தானே? கட்டையின்மேல் ஊற்றினானா, பக்கத்தில் மண்ணில் ஊற்றினானா? நிறைய ஊற்றினானா? மண் குடித்ததா?

அவனைத் திட்டாதே. யாரையும் சிரிக்க விடாதே. ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடு. உன் கையால் ரசம் வைக்காதே, பாவம், உன் அப்பாவின் கூட்டாளி கன்னியப்பன் வீட்டில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். பெட்டியில் அப்பாவின் புது வேட்டி ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. அதை அவனுக்குக் கொடு.

கட்டையைப் பற்றி மறுபடியும் கேட்கிறேன். உன் வேலை கெடக்கூடாது, எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மா


வடக்குப்பட்டு
25.8.2024

அம்மாவுக்கு,

வசந்த். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு பாக்கெட் ஆவின் பால். வடகிழக்குக் கட்டையின் தலையில் ஊற்றினான். நான்கு பக்கமும் வழிந்து மண்ணுக்குள் போனது. போதுமா? ஒரு மாதத்துக்கு மேல் கழித்து எழுதுகிறாய், எழுதினால் இதைக் கேட்கிறாய். வேட்டியைக் கொடுத்தேன். "எனக்கு எதுக்குண்ணே?" என்று நெளிந்தான். எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்வது?

வேலை இழுத்தடிக்கிறது. தட்டைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் வானத்தை நேராகப் பார்க்கிற மாதிரி மல்லாத்த வேண்டும். திருகாணி எல்லாம் துரு. டீசலில் ஊறவைத்து ஒருவழியாக மல்லாத்தினோம். பார்த்தால் மறுநாளே மழை. தண்ணீர் போகிற ஓட்டையில் மைனா கூடு கட்டி அடைத்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. தட்டு நிறையத் தண்ணீர். இந்தப் பாரத்தோடு தொடமாட்டேன் என்று கிரேன்காரர் போய்விட்டார். இசக்கிதுரை ஏறிக் கம்பியால் குத்திவிட்டான், அடியில் நின்ற எனக்குத்தான் அபிஷேகம்.

இப்போது தட்டின் தகடுகளை இதழ் இதழாகக் கழற்றுகிறோம். இந்தப் பக்கம் ஒன்று கழற்றினால் எதிர்ப் பக்கம் ஒன்று கழற்ற வேண்டும், இல்லையென்றால் பாரம் ஒருபக்கம் சாய்ந்து மொத்தமும் முறுக்கிக்கொள்ளும். தட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கட்டைகளை உடைக்க மெஷின் வந்துவிடும். இதுதான் பேச்சு. காரணம் சொல்லாமல் மறுபடி மறுபடி அதையே எழுதினால் நான் என்ன செய்வது அம்மா? கோதண்டராமன் சாரிடம் 'எங்கம்மா வேணாம்னுச்சி' என்றா சொல்வது?

கோபத்தில் எழுதிவிட்டேன். மருந்து சாப்பிடு.

வசந்த்


ஆரணி
5.9.2024

தம்பி வசந்துக்கு,

கலைமதி அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நலம், பாப்பாவுக்குச் சளி இருந்தது, இப்போது தேவலை. போனிலேயே சொல்லலாம்தான். சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததுடா. பெயர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. பச்சைக் குழந்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் அப்பாவும் கன்னியப்பன் மாமாவும் நம் நிலத்தின் வடகிழக்கு மூலையில் புதைத்து, மேலே ஆமணக்குச் செடி வைத்தார்கள். அம்மா பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, கூட வர விடவில்லை. மறுநாள் பால் ஊற்றக்கூட யாரும் போகவில்லையாம். அதெல்லாம் பெரியவர்களுக்குத்தான் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் நிலம் போனது. தட்டின் கால்களுக்கு நான்கு பள்ளம் தோண்டினார்கள், அதில் ஒன்று சரியாக அந்த மூலையில். அம்மா துடித்துப்போயிருக்கிறாள். அன்று சாயங்காலம் அப்பாதான் சொன்னாராம், "அந்த மூலைய மேலாக்கதான் தோண்டனாங்க மரகதம். நம்ம பொண்ணு அடியில அப்படியே கீறா. வெயிலும் படாது, மழையும் படாது. எந்தப் பொண்ணுக்கு இவ்ளோ பெரிய கொடை புடிப்பாங்க?" என்று.

இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னது பாப்பா பிறந்தபோது, ஆஸ்பத்திரியில். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீயும் நானும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டேதானே வளர்ந்தோம்? காலையில் எழுந்ததும் அப்பா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவார், ஞாபகம் இருக்கிறதா?

இசக்கிதுரை பால் ஊற்றினதை நீ வேடிக்கையாக எழுதியிருந்தாய். படித்துவிட்டு அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "யாரு பெத்த புள்ளயோ, அவன் ஊத்திட்டான்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் எழுத அவளுக்கு ஒரு மாதம் ஆனது அதனால்தான்.

தட்டு போனால் போகட்டும் என்கிறாள். கட்டையை உடைத்து அடியில் தோண்டுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உன் முதல் வேலை என்பதால் உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இனி நீயே பார்த்து ஒரு முடிவு எடு. அம்மா வருத்தப்படுகிற மாதிரி இன்னொரு கடிதம் எழுதாதே.

அக்கா


வடக்குப்பட்டு
22.9.2024

அக்காவுக்கு,

வசந்த் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துவிடு. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு நான் எழுதினதை எல்லாம் நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. சரியான இடம் தெரிந்தால் கோதண்டராமன் சாரிடம் கெஞ்சியாவது அந்த ஒரு கட்டையை விடச் சொல்லலாம் என்று கன்னியப்பன் மாமாவைப் போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்குடா இத இப்போ கேக்கற?" என்றார். விடாமல் கேட்டேன்.

"அந்த மூலைய மேலாக்கலாம் தோண்டலடா. ரெண்டு ஆள் ஆழம் தோண்டனாங்க. அன்னிக்கு நான் மண்ணு லாரியில கீறேன். வாலாஜாபாத் ரோட்டுல, ஓடை வளைவாண்ட பள்ளத்த ரொப்பிகினு இருந்தாங்க, அங்கதான் கொட்டனோம். ஒரு லோடுல ஆமணக்கு வேரு வந்து வியுந்துச்சி. அதப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சிச்சி. சாயங்காலம் வந்து உங்கப்பன்கிட்ட சொன்னேன். அப்படியே குந்திட்டான். என் கைய எடுத்து அவன் தலைமேல வெச்சிகினு, 'மரகதத்துக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிகினான். உங்கம்மா அன்னிக்குக் காம்பவுண்டாண்ட ஜல்லி சொமந்துகினு இருந்துச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னி வரைக்கும் நான் வாயத் தொறக்கல. நீ தொறக்க வெச்சிட்ட."

அக்கா, கட்டைக்கு அடியில் ஒன்றும் இல்லை. அப்பா சொன்னது பொய். அம்மாவுக்காகச் சொன்னார், அத்தனை வருஷமும் தனியாக அதைச் சுமந்தார்.

ஒன்றும் இல்லையே, உடைத்தால் என்ன என்று ஒரு மனசு சொல்கிறது. உடைத்துவிட்டு அம்மாவிடம் என்ன சொல்வேன்? உண்மையைச் சொல்லிவிட்டு உடைக்கவா? அவள் பெண் ரோட்டுக்கு அடியில் போய்விட்டாள், மேலே கன்டெய்னர் லாரி ஓடுகிறது என்று என் கையால் எழுதவா? என்னால் ஆகாது. அப்பா காப்பாற்றின பொய்யை நானும் காப்பாற்றத்தான் போகிறேன். வேலை போனால் போகட்டும்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. தட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நானே அவளுக்கு எழுதுகிறேன்.

வசந்த்


ஆரணி
28.10.2024

தம்பிக்கு,

அக்கா. நலம். நீ சொன்னபடி அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் மாமாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நீ எழுதி இரண்டு மாதம் ஆகிவிட்டது. தீபாவளிக்கும் வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாய். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் கோலப்பொடி டப்பாவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தினமும் அதையே துடைக்கிறாள். கோதண்டராமன் உன்மேல் கோபமாக இருப்பதாக நீ மாமாவிடம் சொன்னதையும் நான் அவளிடம் சொல்லிவிட்டேன், மறைக்க முடியவில்லை.

நல்லதோ கெட்டதோ, அவளுக்கு எழுது.

கலைமதி


வடக்குப்பட்டு
10.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வசந்த். உடம்பு நன்றாக இருக்கிறது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். அன்றைக்குக் கோபமாக எழுதினதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். அக்கா எல்லாம் எழுதினாள். நீ என்னிடமே சொல்லியிருக்கலாம். சொல்லாதது சரிதான் என்றும் தோன்றுகிறது, அந்த வேகத்தில் நான் என்ன பேசியிருப்பேனோ.

தட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக லாரியில் அடுக்கி, நடுநடுவே வைக்கோலும் பழைய டியூபும் வைத்துக் கட்டினோம். நடுப்பாகத்தைப் பிரிக்க முடியாது, அதை அப்படியே டிரெய்லரில் ஏற்றினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு போகிற அகலம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் இசக்கிதுரை மூங்கில் கழியால் கேபிள் டிவி ஒயர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். டீக்கடையில் ஒரு அம்மா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. "எந்தக் கோயிலுக்குப்பா போவுது?" என்று கேட்டது. காலேஜுக்கு என்றால் நம்பவில்லை.

நான் டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வழியில் கொஞ்ச தூரம் மட்டும் இறங்கி, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வண்டிக்கு முன்னால் நடந்தேன். புது ஷூ, காலைக் கடித்துவிட்டது. வேறொன்றும் இல்லை. தார் சூடு ஏறியிருந்தது, பசங்கள் கிண்டல் செய்தார்கள். பிறகு ஏறிக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டது. மூன்று கட்டைகளை உடைத்து எடுத்தாகிவிட்டது. வடகிழக்குக் கட்டையைத் தொடவில்லை. கன்னியப்பன் மாமாவைக் கேட்டேன், அந்த மூலையில் அன்றைக்கு மேலாகத்தான் தோண்டினார்களாம், ஆழமாகப் போகவே இல்லையாம். அப்பா சொன்னது அப்படியே சரி. அதனால் நீ நிம்மதியாக இரு. கோதண்டராமன் சார் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறார், கையெழுத்துப் போடவில்லை. நான் பேசிக்கொள்கிறேன், நீ அதைப் பற்றி நினைக்காதே.

பொங்கலுக்கு வந்து உன்னைக் கூட்டிவருகிறேன். மருந்தை விடாமல் சாப்பிடு.

உன் பிள்ளை,
வசந்த்


ஆரணி
2.12.2024

என் கண்ணு வசந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது. பாப்பா பல்லைத் தேய்க்க மாட்டேன் என்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபம் ஒன்றும் இல்லை, எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ இறங்கி நடந்த இடம் ஓடை வளைவுதானே?

ஷூ கடித்தது என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவும் பொய் சொல்லும்போது இப்படித்தான், நான் கேட்காத காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவார். அந்த வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குக் கால் மரத்துப்போச்சு என்று நினைப்பார்கள்.

அந்த மூலையைத் தோண்டின அன்றைக்கு நான் காம்பவுண்டுப் பக்கம் ஜல்லி சுமந்ததாகத்தான் எல்லோருக்கும் தெரியும். மதியம் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். சாப்பிட்டு எழுந்ததும் மேஸ்திரி வந்து, "மரகதம், ஏரிப் பக்கத்து மூலையில ஆள் பத்தல, நீ அங்க போ" என்றார். போனேன். ஆமணக்கை வெட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் போகாவிட்டால் வேறு யாரோ சுமப்பார்கள், வழியெல்லாம் சிந்துவார்கள், சிந்தினதை மிதிப்பார்கள். அதனால் நானே சுமந்தேன் தம்பி. சும்மாடு வைக்கவில்லை. வெறுந்தலையில் சட்டியை வைத்து, சிந்தாமல் கொண்டுபோய் லாரியில் கொட்டினேன். எல்லாம் மண்தான். அவளும் மண்ணாகத்தான் ஆகியிருந்தாள். அழுதேன், வேர்வை என்று நினைத்துக்கொண்டார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று டிரைவரைக் கேட்டேன், ஓடை வளைவு என்றார். மண் லாரியோடு போன கன்னியப்பன் அப்போது அந்த வளைவில் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார், என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் உன் அப்பா வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. மேலாகத்தான் தோண்டினார்கள், நம் பெண் அப்படியே இருக்கிறாள், இவ்வளவு பெரிய குடை யாருக்குக் கிடைக்கும் என்று சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையில் மண் ஒட்டியிருந்தது, அதையும் பார்க்கவில்லை. நான் "ஆமாங்க" என்றேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்தார். அவர் மனசு ஆறட்டும் என்று நானும் நம்பினமாதிரியே இருந்துவிட்டேன். கலைமதியிடம்கூட அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

கட்டையை உடைக்காதே என்று நான் கேட்டது குழந்தைக்காக இல்லை. உன் அப்பா என்னிடம் சொன்ன அந்த ஒரு பொய் அதன்மேல்தான் நின்றது. அதை என் பிள்ளையே பெயர்த்துப் போட வேண்டுமா என்று அடித்துக்கொண்டது. இப்போது நீயும் அதையே உன் கையெழுத்தில் எழுதி அனுப்பிவிட்டாய். படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உன் அப்பாவே வந்து எழுதின மாதிரி இருந்தது. எனக்கு அது போதும், இனிமேல் கட்டை எதற்கு?

மெஷினை வரச் சொல்லி அதை உடைத்துவிடு. கோதண்டராமனிடம் கையெழுத்து வாங்கிக்கொள். கன்னியப்பனிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லாதே. உன் அப்பா அவரிடம் சத்தியம் வாங்கியிருப்பார், அதைக் காப்பாற்றினதாகவே அவர் இருக்கட்டும்.

பொங்கலுக்கு நீ இங்கே வர வேண்டாம். நானே பஸ்ஸில் வருகிறேன். இந்தத் தடவை ஓடை வளைவில் இறங்கப் போகிறேன். நீ ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு அங்கே வந்து நில். இசக்கிதுரைக்கு லீவு இருந்தால் அவனையும் கூட்டிவா, அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொல். ரோட்டு ஓரமாக மண் தெரிகிற இடத்தில் நான் ஊற்றிக்கொள்கிறேன்.

கட்டையை உடைக்கிற மெஷின் ரொம்பச் சத்தம் போடும். எனக்கு ஆனது போதும். பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள், அந்தப் பிள்ளைக்கும் கொடு.

அம்மா